கரட் லொறிக்குப் பின்னால் பத்தடி

பூரணி பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் மொத்தம் ஒன்பது வரிகள். எட்டு வரிகள் அவளுக்குச் சாதகம். ஒன்பதாவது வரி மட்டும் அவளைக் கைப்பிடித்துச் சிறைச்சாலை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

நிலக்ஷி அந்த வரியை இரண்டாம் முறை வாசித்தாள்.

'தலவாக்கலையில் இருந்து விபத்து நடக்கும் வரை, மூன்று மைலும், எக்ஸிலேட்டரை அடிமட்டம் மிதித்தே வைத்திருந்தேன்.'

"இதை யாரு எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க மிஸ். நடந்தது அதானே."

ஹட்டன் பிரதான வீதியில், ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிறது நிலக்ஷியின் அலுவலகம். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பதினொரு வருடம் விபத்துக் கோப்புகள் பார்த்துவிட்டு, சொந்தமாகப் பலகை மாட்டியவள். பலகையில் 'தனியார் விசாரணைகள்: விபத்து, வேலி, விவாகம்' என்று இருக்கும். வேலித் தகராறுதான் அதிகம் வரும். இன்று வந்திருப்பது விபத்து.

வந்தவளுக்கு நாற்பத்திரண்டு வயது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தாய்மார் கொழுந்து எடுக்கப் போன நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பாடசாலை வேன் ஓட்ட வேண்டும் என்ற ஆசையில் 'பொறுமை சாரதிப் பயிற்சி நிலையத்தில்' சேர்ந்து பத்துப் பாடம் முடித்திருந்தாள். பதினோராவது பாடம் கடந்த செவ்வாய்க்கிழமை. அன்று காலை பதினொன்று நாற்பதுக்கு, கொட்டகலையை எட்டும் முன் ஒரு வளைவில், முன்னே போன கரட் லொறி வேகத்தைக் குறைத்தது. பின்னால் ஒட்டிக்கொண்டு போன பயிற்சிக் கார் வலது பக்கம் பாய்ந்தது. எதிரே தன் பக்கத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிளில் மோதியது. அதில் வந்தவர் நிரஞ்சன். கொட்டகலையில் மருந்துக்கடையில் வேலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"உங்க சட்டத்தரணி இந்த வரியை வாபஸ் வாங்கச் சொல்றாரு," என்றாள் நிலக்ஷி. "நானும் அதைத்தான் சொல்லுவேன். மூணு மைல் முழுசா மிதிச்சேன்னு சொன்னா, திங்கட்கிழமை நீதவான் வேற எதையும் கேட்க மாட்டாரு."

"மிதிச்சதை மிதிக்கலன்னு எப்படிங்க சொல்றது?" பூரணி சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிவிட்டிருந்தாள். "நான் கொன்னுட்டேனான்னு எனக்குத் தெரியணும் மிஸ். அதைக் கண்டுபிடிங்கன்னுதான் வந்தேன். இல்லைன்னு சொல்லுங்கன்னு கேட்டு வரல. செத்தவரு வீட்டுல பிரேமினின்னு அவரு சம்சாரம் உட்கார்ந்திருக்கு. சாவு வீட்டுக்குப் போகக்கூட எனக்குக் காலு வரல."

மூலையில் பெஞ்சில் இருந்த அம்ஹர் எழுந்து நின்றான். சொந்த ஓட்டோ வைத்திருப்பவன். நிலக்ஷிக்கு உதவியாளன். 'துணைத் துப்பறிவாளர்' என்று தானே அச்சடித்த அட்டை இருநூறு வைத்திருப்பவன்.

"அக்கா, பிரேக் பிடிக்கலியா நீங்க?"

"பிரேக்கு பதினைஞ்சாம் பாடங்க தம்பி. நான் பதினொண்ணுலதானே இருக்கேன்."

அம்ஹர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"கிளச்சு?"

"அது இருபது. இப்போதைக்கு ஸ்டியரிங்கும் எக்ஸிலேட்டரும்தான் நமக்கு. மத்ததெல்லாம் பழக்குற முத்துலிங்கம் சேர் பார்த்துக்குவாரு. அவரு பக்கத்துலயும் மிதிக்கிற கட்டை இருக்கு."

"நல்ல வேளை," என்றான் அம்ஹர், "கதவு திறக்கிறது எத்தனையாம் பாடம்னு கேட்கல."

நிலக்ஷி குறிப்புப் புத்தகத்தை மூடினாள். "கார் எங்க இருக்கு?"

"பொலிசுல. இன்னைக்கு நாலு மணிக்கு சேருகிட்ட திருப்பிக் குடுக்கிறாங்களாம்."

மணி அப்போது பத்தரை.

*

பொலிஸ் நிலையத்தின் பின்முற்றத்தில், கைப்பற்றிய விறகு வண்டி ஒன்றுக்கும் காயப்போட்ட சீருடை ஒன்றுக்கும் நடுவில் அந்தக் கார் நின்றது. முன்பக்கம் வலது மூலை நசுங்கி இருந்தது. பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'எட்டி வா! இடைவெளி உயிர் காக்கும்' என்று ஒட்டி இருந்தது.

"ஊருக்குச் சொல்லி, தான் கேட்காத புத்தி," என்றான் அம்ஹர்.

சார்ஜன்ட் ஜயதிலக்க நல்ல மனிதர். ஹட்டனில் இருபது வருடம் இருந்ததில் தமிழ் பேச வரும். ஆனால் ஒரு வினைச்சொல்லைத் தொடங்கினால் அதன் வாலை முடிப்பதற்கு யாராவது உதவ வேண்டும்.

"நங்கி, இந்த கேஸ்ல பார்க்க ஒண்ணும் இல்ல. பரிசோதகர் மாத்தயா வந்து பார்த்தார். பிரேக் ஹரி, பழுது இல்ல. டயர் ஹரி. ரிப்போட் குடுத்தார். அந்த பூரணி நோனா முழுக்க மிதிச்ச. லொறி ஸ்லோ பண்ணின. அவ்வளவுதான்."

"முத்துலிங்கம் என்ன சொல்றாரு?"

"அவர் பிரேக் போட்டது. நோனா எக்ஸிலேட்டர் விடல. 'ரெண்டு காலுக்கு சண்டை. நான் தோத்தேன்' சொல்லி எழுதியிருக்கார். நல்லா எழுதியிருக்கார்."

"கார்ல எரிபொருள் இருக்கான்னு பார்க்கலாமா சேர்?"

அவளுக்கு எரிபொருள் முக்கியமில்லை. காரின் உள்ளே பார்க்க வேண்டும். சார்ஜன்ட் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை அரைத் திருப்புத் திருப்பினார். எஞ்சின் உறுமவில்லை. எரிபொருள் முள் எழுந்தது. கூடவே வைப்பரும் எழுந்தது.

காய்ந்த கண்ணாடியில் 'கிரீச், கிரீச்' என்று துடைக்கத் தொடங்கியது. ஜயதிலக்க திடுக்கிட்டுச் சாவியைத் திருப்பிவிட்டார். வைப்பர் பாதி வழியில் நின்றது.

நிலக்ஷி அந்த வைப்பரையே பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை மழையா சேர்?"

சார்ஜன்ட் விபத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். வானிலை என்ற இடத்தில் 'நல்ல வெயில்' என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. இந்த ஊரில் வெயில் அடிப்பது கோடு போட வேண்டிய செய்திதான்.

"பனி?"

"பதினொண்ணு நாப்பதுக்கு? நல்லா மலை தெரிஞ்ச."

"அப்ப நல்ல வெயில்ல வைப்பர் எதுக்கு ஓடுச்சு?"

அம்ஹர் பதில் சொன்னான். "கார் அழுதிருக்கும் மிஸ். ஓனர் யாருன்னு நினைச்சு."

நிலக்ஷி பூரணியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒரே ஒரு கேள்வி. பதில் உடனே வந்தது.

"கண்ணாடியெல்லாம் தண்ணி அடிச்சுச்சுங்க. லொறியில இருந்து. சேர்தான் வைப்பரைப் போடுன்னாரு. தலவாக்கலையில போட்டது, நிறுத்தவே இல்ல."

மலையில் கரட் பிடுங்கினால் மண்ணோடு அனுப்ப மாட்டார்கள். ஓடைத் தண்ணீரைக் குழாயில் எடுத்து, குழியில் கொட்டிக் கழுவி, பளபளவென்று ஈரத்தோடு மூட்டை கட்டி ஏற்றுவார்கள். கொழும்பு போய்ச் சேரும் வரை லொறி சொட்டிக்கொண்டே போகும்.

"இப்ப கேள்வி என்னன்னா," என்றாள் நிலக்ஷி, "எத்தனை அடி கிட்டப் போனா அந்தத் தண்ணி கண்ணாடில படும்?"

அம்ஹர் தன் ஓட்டோவைத் திரும்பிப் பார்த்தான். நேற்றுத்தான் கழுவி மெழுகு போட்டது.

"மிஸ், வேணாம்."

*

லொறிச் சாரதி சுதாகரன், அடுத்த லோட் கரட்டை ஏற்றிக்கொண்டு கழுவும் குழிக்குப் பக்கத்திலேயே நின்றான். தன்னையும் கேஸில் இழுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"நான் திடீர்னு பிரேக் அடிச்சேன்னு அந்த சேர் சொல்றாரு. வளைவு வந்தா லொறி மெதுவாத்தானே போகும்? அதுக்குத்தானே அதுக்கு வளைவுன்னு பேரு!"

"எவ்வளவு வேகத்துல வந்தீங்க?"

"இந்த லோட்டோட ஏத்தத்துல மணிக்கு பதினைஞ்சு கிலோமீட்டர் போனா பெரிய விசயம். வழியெல்லாம் கண்ணாடில பார்த்துக்கிட்டே வந்தேன். காரோட லைட்டு தெரியல, நம்பர் தட்டு தெரியல. அவ்வளவு கிட்ட. ரெண்டு தலை மட்டும் தெரியுது. ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கு. ஒண்ணு தலையாட்டிக்கிட்டே இருக்கு."

சோதனை தோட்டத்துப் பாதையில் நடந்தது. அதன் ஒழுங்கு வருமாறு. லொறியின் பின்னால் மூட்டைகள் மேல் உட்கார்ந்த கூலியாள் ஒரு கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டார். ஐந்தடிக்கு ஒரு முடிச்சு. மறு பக்கத்தை ஓட்டோவின் பின் இருக்கையில் இருந்து எட்டி நிலக்ஷி பிடித்துக்கொண்டாள். லொறி பதினைந்து கிலோமீட்டரில் ஏறியது. ஓட்டோ பின்தொடர்ந்தது. பாதையோரத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், கரட் லொறி ஓட்டோவைக் கட்டி இழுத்துப்போவதாக நினைத்துக் கைதட்டினார்கள்.

"இருபத்தஞ்சு அடி," என்று நிலக்ஷி கத்தினாள்.

"காய்ஞ்சு இருக்கு!"

"இருபது."

"காய்ஞ்சு இருக்கு! வாழ்க்கை நல்லா இருக்கு!"

"பதினைஞ்சு."

"ரெண்டு சொட்டு. பன்னீர் தெளிச்ச மாதிரி. கல்யாண வீட்டு அளவு."

"பத்து."

லொறி ஒரு குழியில் விழுந்து எழுந்தது. மூட்டைகளில் இருந்த தண்ணீரெல்லாம் ஒன்றாகக் கிளம்பி ஓட்டோவின் கண்ணாடியை அறைந்தது. கண்ணாடியைத் தாண்டி அம்ஹரையும் அறைந்தது. தண்ணீரோடு ஒரு கரட்டும் வந்து மடியில் விழுந்தது.

"பத்தடிக்கு வைப்பர் வேணும் மிஸ்," என்றான் அம்ஹர், கண்களைத் துடைத்தபடி. "துவாயும் வேணும்."

நிலக்ஷி எழுதினாள். இருபதடியில் வைப்பர் தேவையில்லை. பத்தடியில் வைப்பர் இல்லாமல் முடியாது. ஆகவே வைப்பர் போட்ட கார் பத்தடியில் போன கார். அதைப் போடச் சொன்ன முத்துலிங்கத்துக்கு அது மூன்று மைலும் தெரியும். தலையை உயர்த்தியபோது அம்ஹர் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"அது தடயப் பொருள் அம்ஹர்."

"பாதி மிச்சம் இருக்கு மிஸ்."

*

பொறுமை சாரதிப் பயிற்சி நிலையத்தின் பலகையில் '11 ஆண்டுகள்! 0 விபத்துகள்!' என்று இருந்தது. அதன் கீழே, சாயம் இன்னும் காயாத சின்ன எழுத்தில் '(மாணவர் தவறு நீங்கலாக)' என்று சேர்த்திருந்தது.

உள்ளே முத்துலிங்கம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, கஞ்சி போட்ட சட்டை, பையில் மூன்று பேனை. எட்டு மாணவர்கள் அறையைச் சுற்றி வரிசையாக நடந்தார்கள். ஒவ்வொருவரும் முன்னால் போகிறவருக்கு இரண்டு கை தூரம் விட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார்கள்.

"முன்னவர் நின்றால்?" என்று கர்ஜித்தார் முத்துலிங்கம்.

"பின்னவர் நிற்க வேண்டும்!"

"நிற்க வேண்டுமானால்?"

"இடைவெளி வேண்டும்!"

முன்னால் போன பெரியவர் செருப்பு வார் அறுந்து நின்றார். பின்னால் வந்த ஏழு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

நிலக்ஷி வெளியே கூப்பிட்டு, வைப்பர் கதையை ஒழுங்காகச் சொன்னாள். லொறி, தண்ணீர், கயிறு, பத்தடி. முத்துலிங்கம் இடையில் பேசாமல் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார்.

"பிள்ளைக்கு வண்டி பழக்கத் தெரியாது போல. பழகுற ஆளு சிக்னல் போடச் சொன்னா என்ன போடும்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே சொன்னார்.

"வைப்பர் போடும்! பதினோரு வருஷத்துல நான் பார்க்காத ஆளா? வலப்பக்கத்துக் கம்பியைத் தட்டச் சொன்னா இடப்பக்கத்துக் கம்பியைத் தட்டும். வெயில்ல துடைக்கும், மழையில சிக்னல் போடும். இந்த எட்டுப் பேரையும் கேளுங்க."

எட்டுப் பேரும் வெட்கத்தோடு தலையாட்டினார்கள். அம்ஹரும் தன்னை அறியாமல் தலையாட்டினான். அவனும் ஏழு வருடத்துக்கு முன் அங்கே படித்தவன்தான்.

காலையில் இருந்து ஓடிய ஓட்டம், நனைந்த உதவியாளன், எழுதிய பக்கங்கள், எல்லாம் ஒரு கம்பியில் போய்விட்டது. ஆனாலும் நிலக்ஷி விடவில்லை.

"சரி. சிக்னல்னே வச்சுக்குவோம். எந்தப் பக்கத்துக்கு?"

"வலத்துக்குத்தான்."

"முந்தக் கூடாதுன்னு வெள்ளைக் கோடு போட்ட வளைவுல, வலத்துக்கு எதுக்கு சேர்? லொறியை முந்தவா? முந்தச் சொன்னது யாரு?"

ஒரு விநாடி முத்துலிங்கத்தின் கண் இமைத்தது. அவ்வளவுதான்.

"யாரும் சொல்லல. அது தானா முந்தப் பார்த்துச்சு. ஏன்னா அது முழுசா மிதிச்சு வச்சிருந்துச்சு. நான் சொல்லல பிள்ளை, அதுவே எழுதிக் கையெழுத்து வச்சிருக்கு. நான் பிரேக்கை மிதிக்கிறேன், அது எக்ஸிலேட்டரை மிதிக்குது. ஒன்பதாவது வரியைப் படிச்சுப் பாருங்க." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணரை ஆகுது. எனக்கு வண்டி எடுக்கப் போகணும்."

*

ஓட்டோ பொலிஸ் நிலையத்தை நோக்கிக் கிளம்பியது. அங்கே காத்திருக்கும் வாடிக்கைக்காரியிடம் கெட்ட செய்தி சொல்லப் போகும் வண்டி எப்படிப் போகுமோ அப்படிப் போனது.

"மனுசன் நல்லாத்தான் வாதாடுறாரு," என்றான் அம்ஹர். "ஆனா வாத்தியாரா அவரைக் குறை சொல்ல ஏலாது மிஸ். அவர்கிட்ட ஓட்டுறப்ப வண்டி அப்படியே பூ மாதிரி போகும். நான் எவ்வளவு மிதிச்சாலும் பூ. வெளியே வந்து மாமாட வேன்ல ஏறினேன் பாருங்க. லேசா மிதிச்சேன். வேன் நேரா புடவைக்கடைக்குள்ள போயிட்டு. முதலாளி அளவு எடுக்கிற நாடாவோட நிக்கிறாரு. நான் 'விலை என்ன'ன்னு கேட்டேன்."

நிலக்ஷி முன்னால் குனிந்தாள்.

"பரீட்சைக்கு எப்படிப் பாஸ் பண்ணுனே?"

"அதுவா? பரீட்சை அன்னைக்குக் காலையில சேர் குனிஞ்சு வண்டிக்குள்ள ஏதோ செஞ்சாரு. ஒரு பின் மாட்டுனாரு. அப்புறம் எங்க எல்லாருக்கும் ஒரே உபதேசம். 'இன்னைக்கு மட்டும் மிதிக்காதே, நினை!' நினைச்சேன். பாஸ்."

"எவ்வளவு மிதிச்சாலும் பூன்னு சொன்னியே. எவ்வளவு மிதிச்சே?"

"அடிமட்டம். சேர்தான் சொல்லுவாரு, 'நல்லா மிதி, பயப்படாதே'ன்னு."

"அம்ஹர், ஒரு கணக்கு. ஒரு கார். எக்ஸிலேட்டர் அடிமட்டம். முன்னால பதினைஞ்சு கிலோமீட்டர்ல ஒரு கரட் லொறி. பத்தடி தூரம். மூணு மைல் கழிச்சு அந்தக் கார் எங்க இருக்கும்?"

"மூணு மைலா? மூணு செக்கன்ல கரட்டுக்குள்ள இருக்கும்!"

சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்தான்.

"அப்ப அந்த அக்கா மிதிக்கலியா?"

"மிதிச்சாங்க. அவங்க பொய் சொல்ற ஆளு இல்ல." நிலக்ஷியின் குரல் மாறி இருந்தது. "விபத்துன்னா எல்லாரும் வண்டி ஏன் நிக்கலன்னுதான் பார்க்கிறாங்க. அது எப்படி ஓடுச்சுன்னு யாரும் பார்க்கல. மணி என்ன?"

"மூணு ஐம்பத்திரண்டு."

"போ!"

அம்ஹர் போனான். முன்னால் போன தனியார் பஸ்ஸின் பின்பக்க எழுத்துக்கள் மிகப் பெரிதாகத் தெரியத் தொடங்கின.

"அம்ஹர். எட்டிப் போ."

"போன்னீங்க!"

"எட்டிப் போ!"

*

அவர்கள் முற்றத்துக்குள் நுழைந்தபோது பூரணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சார்ஜன்ட் ஜயதிலக்க வாகனத்தைக் கையளிக்கும் தாளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். முத்துலிங்கம் காரின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, தலையை உள்ளே விட்டிருந்தார்.

"சேர்," என்றாள் நிலக்ஷி, "பின் மாட்ட வேணாம். அப்படியே இருக்கட்டும்."

முத்துலிங்கத்தின் தலை கூரையில் இடித்தது. வெளியே வந்தபோது அவர் கையில், இரண்டு அங்குல நீளத்தில் ஒரு இரும்புப் பின் இருந்தது. அதைச் சட்டைப் பையில், பேனைகளுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

"சார்ஜன்ட் சேர், ஒரே ஒரு உதவி. நீங்க ஏறி ஸ்டார்ட் பண்ணி, எக்ஸிலேட்டரை மிதிச்சுப் பாருங்க."

"நங்கி, வண்டி இவருக்குக் குடுத்தாச்சு..."

"முத்திரை பாதிதான் குத்தியிருக்கீங்க."

ஜயதிலக்க பார்த்தார். பாதிதான். ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. வைப்பர் கிரீச்சிட்டது. அவர் மிதித்தார். எஞ்சின் சத்தம் மாறவில்லை. இன்னும் மிதித்தார். அடிமட்டம். கார் பூ மாதிரி நின்றது.

"மொக்கத மே? என்ன இது?"

"இப்ப இடது பக்கம். வாத்தியார் சீட்டு."

அம்ஹர் பாய்ந்து ஏறி, இடப்பக்கத்து எக்ஸிலேட்டரைத் தொட்டான். எஞ்சின் ஓலமிட்டது. காயப்போட்ட சீருடை கொடியில் இருந்து கீழே விழுந்தது.

வைப்பர் துடைத்துக்கொண்டே இருந்தது.

"அந்தக் கட்டைக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்ல," என்றாள் நிலக்ஷி. "பின் மாட்டினாத்தான் வேலை செய்யும். அதைப் பரீட்சை அன்னைக்கு மட்டும் மாட்டுவாரு. மூணு மைலும் பூரணி அக்கா மிதிச்சது வெறும் தகரத்தை. லொறிக்குப் பின்னால பத்தடியில ஒட்டிக்கிட்டுப் போனது இவரோட காலு. ரெண்டு காலு சண்டை போட்டதுன்னு எழுதியிருக்காரே, ரெண்டும் இவரோடதுதான்."

முத்துலிங்கம் மறுப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆமா. கழற்றித்தான் வச்சிருக்கேன். பாதுகாப்புக்கு! பழகுற ஆளுகிட்ட எக்ஸிலேட்டரைக் குடுக்கிறது எவ்வளவு ஆபத்து தெரியுமா? அதனாலதான் பதினோரு வருஷத்துல என் மாணவர் ஒருத்தர்கூட விபத்து செய்யல!"

"பதினோரு வருஷமா ஓட்டினது யாரு சேர்?"

அந்தக் கேள்வியை இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

"அன்னைக்கு அடுத்த பாடம் பன்னிரண்டு மணிக்கு," என்றார், குரல் இறங்கி. "லொறி விடவே இல்ல. கொஞ்சம் ஒட்டிப் போனா அவன் பயந்து வழி விடுவான். எல்லாரும் அப்படித்தானே..."

முடிக்கவில்லை. வராந்தாவில் இருந்து பூரணி எழுந்து வந்து அவர் முன்னால் நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை.

"நாலு நாளா எனக்குக் காலு நடுங்குது சேர். இந்தக் காலாலதான் கொன்னேன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

முத்துலிங்கம் நிலத்தைப் பார்த்தார்.

*

இது நிற்க. அதன் பிறகு நிலையத்துக்குள் ஒரு சிக்கல் எழுந்தது. விபத்துப் படிவத்தில் 'சாரதியின் பெயர்' என்று ஒரு கட்டம். ஒரே கட்டம். ஜயதிலக்க பொறுப்பதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து, "சேர், ஒரு கார், ரெண்டு சாரதி" என்று ஆரம்பித்தார். மறுமுனையில் கேட்ட சத்தத்துக்குப் பிறகு தொலைபேசியை மெதுவாக வைத்தார்.

"சட்டத்துக்கு சீட்டா முக்கியம், காலா முக்கியம்?" என்றான் அம்ஹர்.

"அது திங்கக்கிழம நீதவான் சொல்லுவார். நமக்கு கட்டம் நிரப்பணும்." ஜயதிலக்க பூரணியின் பெயரை நேர்கோடாக வெட்டினார். மேலே முத்துலிங்கம் என்று எழுதினார். பிறகு பூரணியைப் பார்த்துச் சிரித்தார். "நோனா இப்ப பயணி. பயணிக்கு கேஸ் இல்ல. போகலாம்."

அம்ஹர் கைதட்டினான். நிலக்ஷி மூச்சு விட்டாள். பூரணி கதிரையை விட்டு எழவில்லை.

"பயணின்னு போடாதீங்க சேர்."

"ஏன்?"

"பயணி கையில ஸ்டியரிங் இருக்காதே."

ஜயதிலக்க நிலக்ஷியைப் பார்த்தார். காப்பாற்றப்பட்ட ஆள் திரும்பி வந்து தண்ணீரில் குதிப்பதை அவர் இதுவரை கண்டதில்லை.

"சேர் 'வெட்டு'ன்னு கத்துனாரு. நான் வலத்துக்கு வெட்டுனேன். அவரு சொன்னதையும் எழுதுங்க. ஆனா வெட்டுனது நான்." பூரணி நிலக்ஷி பக்கம் திரும்பினாள். "மிஸ், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

நிலக்ஷி ஒரு கதிரையை இழுத்துப் பூரணிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கை உங்களோடது. தூரம் அவரோடது. பத்தடியில யாரு கையில ஸ்டியரிங் இருந்தாலும் இடிக்கிறதா, வெட்டுறதான்னு ரெண்டே வழிதான். அந்த ரெண்டு வழியில உங்களைக் கொண்டுபோய் நிறுத்தினது அவரு. நீதவான்கிட்டயும் இதைத்தான் சொல்லுவேன்."

பூரணி அதை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது போல உதடுகளை அசைத்தாள். பிறகு தலையாட்டினாள்.

ஜயதிலக்க மேசை லாச்சியைத் திறந்து புதுப் படிவம் ஒன்றையும், கோடு கிழிக்கும் அடிமட்டத்தையும் எடுத்தார். 'சாரதியின் பெயர்' என்ற கட்டத்தின் நடுவே, மிகக் கவனமாக, ஒரு கோடு கிழித்தார். இடது பக்கம் எழுதினார்: 'கால் – முத்துலிங்கம்.' வலது பக்கம் எழுதினார்: 'கை – பூரணி. சொன்னபடி திருப்பியது.'

"இப்படி ஒரு படிவம் இலங்கையில இல்ல," என்றார், பெருமையும் பயமும் கலந்து.

பூரணி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கையெழுத்து வைத்தாள். அதன் பிரதி ஒன்று கேட்டு வாங்கி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வாசற்படி இறங்கும்போது காலை ஒருமுறை ஊன்றிப் பார்த்துக்கொண்டாள்.

"மிஸ், கொட்டகலை பஸ் எந்தப் பக்கம் நிக்கும்?"

"வீட்டுக்குப் போகலியா? உங்க தோட்டம் இந்தப் பக்கமில்ல?"

"நிரஞ்சன் வீட்டுக்கு, பிரேமினியைப் பார்த்துட்டுப் போறேன்," என்றாள் பூரணி. "பேப்பரை நானே காட்டணும்."